மௌனம் மறுப்புக்கு அறிகுறி

எறணாகுளம் கடைத்தெருவின் சந்தடிக்கு நடுவே நிற்கும் தூய மரியாள் பசிலிக்காவில், 2022ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் திருநாளை ஒட்டி, ஒரே பீடத்தின் முன்னே இரு தரப்புக் குருக்கள் ஒரே சமயத்தில் பூசை நிகழ்த்தினார்கள். ஒரு தரப்பார் மக்களை நோக்கி நின்றார்கள். மற்றொரு தரப்பார் பீடத்தை நோக்கி நின்றார்கள். இரு தரப்பாருடைய ஆதரவாளர்களும் அந்தப் பீடத்தருகிலேயே கைகலந்தபோது, சாந்தியின் பிரபு பிறந்த நாளைக் கொண்டாட வந்தவர்களைச் சாந்தப்படுத்துவதற்குக் காவல்துறையினர் உள்ளே நுழைய வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அந்தப் பேராலயத்தில் கிறிஸ்துமஸ் பூசை நடைபெறவில்லை.

குருவானவர் எந்தத் திசையை நோக்கி நிற்க வேண்டும் என்ற அற்ப விஷயத்துக்காகவா இத்தனை கலகம் என்று வெளியார் நகைக்கக்கூடும். வடகலை நாமமா தென்கலை நாமமா என்று தலைமுறை தலைமுறையாக நியாயஸ்தலங்களின் படி ஏறி இறங்கிய வரலாற்றை உடைய நாம் அவ்வாறு நகைப்பதற்கில்லை. வழிபாட்டில் சிறியது என்று ஒன்றுமில்லை. தாயின் மடியில் அமர்ந்து தான் கண்ட பூசை எவ்வாறு இருந்ததோ அவ்வாறே தன் சவப்பெட்டியின் முன்னே நிகழும் கடைசிப் பூசையும் இருக்க வேண்டும் என்று எளிய விசுவாசி எதிர்பார்ப்பதைப் பேதைமை என்று சொல்லிவிடுவது எளிது. அந்த எதிர்பார்ப்பை அவன் நெஞ்சிலிருந்து பெயர்த்தெடுப்பது எளிதன்று. எந்தத் திசை சரியான திசை என்பதைத் தீர்மானிப்பது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. அது அந்தச் சபையாருடைய ஆராதனை இயல். ஒரு பங்கு மக்களின் மனக்குறை, ஆயர் இல்லத்தின் வாசலில் தொடங்கிக் காவல் நிலையத்தின் வாசலில் முடிகிறதே, இடையிலே எந்த வழி அடைபட்டிருந்தது என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

சீரோ மலபார் திருச்சபை என்பது ரோமாபுரிப் பாப்பரசரோடு ஐக்கியப்பட்டிருக்கும் 23 கீழைத் திருச்சபைகளுள் ஒன்று. அப்போஸ்தலராகிய தோமையார் கி.பி. 52இல் மலையாளக் கரையில் வந்திறங்கினார் என்ற ஐதிகத்தைத் தன் மூலமாகப் போற்றுவது. நெடுங்காலம் சுரியானி மொழியில் நிகழ்ந்துவந்த அதன் பூசை, குர்பானா என்று அவர்கள் வழங்குவது, 1962இல் மலையாளத்துக்கு வந்தது. அதே ஆண்டில் தொடங்கி 1965இல் முடிவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காற்று வீசியபோது, கர்தினால் ஜோசப் பாரேக்காட்டிலின் தலைமையில் இருந்த எறணாகுளம் மறைமாவட்டம், குருவானவர் மக்களை நோக்கி நிற்கும் முறையைக் கைக்கொண்டது. ஜனாபிமுக குர்பானா என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. சங்கனாச்சேரிப் பக்கத்தாரோ, மேய்ப்பனும் மந்தையும் ஒரே திசையில் இறைவனை நோக்கி நிற்பதே கீழைச் சம்பிரதாயம் என்று வாதித்தார்கள். இவ்விரண்டுக்கும் இடையே 1999இல் ஆயர் மன்றம் ஒரு சமரசம் கண்டது: வாசகப் பகுதி மக்களை நோக்கியும், காணிக்கைப் பகுதி பீடத்தை நோக்கியும், நன்மை வாங்கியபின் நிகழும் முடிவுப் பகுதி மறுபடியும் மக்களை நோக்கியும் நடைபெற வேண்டும் என்பது அது. அந்தத் தீர்மானம் எறணாகுளத்தைப் பொறுத்தவரையில் 22 ஆண்டுகள் காகிதத்திலேயே உறங்கிற்று. 2021 ஜூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் ஒரு கடிதம் எழுதி அதை நிறைவேற்றுமாறு வேண்டினார். ஆகஸ்டில் ஆயர் மன்றம் அதை உறுதிசெய்தது. நவம்பர் 28ஆம் தேதி அமலுக்கு வரவேண்டும் என்று நாளும் குறித்தது. ஏனைய மறைமாவட்டங்கள் இணங்கின. எறணாகுளம்–அங்கமாலி இணங்கவில்லை.

பின் நிகழ்ந்தவை அதிகாரத்தின் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக மேலேறிய கதை. மக்களுக்கு விலக்கு அளித்த பேராயர் ஆன்றனி கரியில் 2022 ஜூலையில் பதவி விலக நேர்ந்தது. திருச்சூர்ப் பேராயர் ஆண்ட்ரூஸ் தாழத்து நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். அவரை நவம்பர் இறுதியில் பேராலயத்துக்குள் நுழையவொட்டாமல் மக்கள் தடுத்தார்கள். 2023இல் பாப்பரசரின் பிரதிநிதியாகப் பேராயர் சிரில் வாசில் ஐரோப்பாவிலிருந்து வந்தார்; அவரும் காவல்துறையின் துணையோடுதான் அந்த ஆலயத்துக்குள் சென்று ஜெபிக்க முடிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் தேதி பாப்பரசரே காணொளிச் செய்தி ஒன்றின் மூலம் அந்த மறைமாவட்டத்தாரை நேராக விளித்துப் பேசினார். அதே நாளில் தலைமைப் பேராயரான கர்தினால் ஜார்ஜ் ஆலஞ்சேரியின் ராஜிநாமாவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ராபேல் தட்டிலின் காலத்தில், 2024 ஜூனில், இணங்காத குருக்கள் திருச்சபையின் ஐக்கியத்துக்கு வெளியே சென்றவர்களாகக் கருதப்படுவார்கள் என்ற எச்சரிக்கை வெளிவந்தது. சில வாரங்களுக்குள், ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் ஒரு பூசையேனும் ஒருமுகப்பட்ட முறையில் நிகழட்டும், ஏனையவை முன்போல் நடக்கட்டும் என்ற உடன்பாடும் பிறந்தது. 2025இல் தலச்சேரிப் பேராயர் ஜோசப் பாம்பிளானி பொறுப்பேற்றுக் குருக்களோடும் மக்களோடும் அமர்ந்து பேசியபோதும் அந்த உடன்பாடே மீண்டும் அடிப்படையாயிற்று.

இந்தச் சச்சரவில் நியாயம் முழுவதும் ஒரு பக்கத்தில் இருக்கிறது என்று கூறுவது சத்தியத்துக்குப் பொருந்தாது. கட்டுப்படுவதாகப் பட்டமேற்பின்போது வாக்களித்த குருக்களே கட்டளையை மீற முன்னின்றார்கள் என்பது மெய். எறணாகுளத்திலேயே ஆயர் மன்றத்தின் முடிவை மனமார வரவேற்ற குடும்பங்களும் பல உண்டு என்பதும் மெய். ஒரு சபையார் எங்கு சென்றாலும் ஒரே விதமாக வழிபட வேண்டும் என்ற ஆசை அதிகார வெறியினால் மட்டும் எழுவதன்று என்பதும் மெய். ஆனால் இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஐம்பது ஆண்டுகளாக ஒரு முறையில் வழிபட்டுவந்த லட்சக்கணக்கான மக்களிடம், அம்முறையை மாற்றுவதற்கு முன்னே, உங்கள் அபிப்பிராயம் யாது என்று முறைப்படி கேட்டவர் யார்? கேட்டிருந்தால், அவர்கள் சொன்னது இன்னது, அதை நாங்கள் ஏற்காததற்குக் காரணம் இன்னது என்று எழுதி அவர்கள் கையில் கொடுத்தவர் யார்?

அந்தச் சபையில் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் ஆயர்களோடு கூடி ஆலோசிக்கும் பேரவை ஒன்று உண்டு. அது 2016இல் கொடகரையில் கூடியது. அடுத்தபடியாக 2024இல் பாலாவில் கூடியது. மக்களின் வழிபாட்டைத் தொடும் அந்த முடிவு எடுக்கப்பட்ட 2021ஆம் ஆண்டு இவ்விரண்டு கூட்டங்களுக்கும் நடுவே வீழ்ந்தது. அதே 2021இன் அக்டோபரில்தான், உலகெங்கும் உள்ள கத்தோலிக்கர் ஒருவர் சொல்லை ஒருவர் செவிமடுத்துக் கூடி நடக்க வேண்டும் என்று பாப்பரசர் பிரான்சிஸ் ரோமாபுரியில் ஒரு பெரிய ஆலோசனையைத் தொடங்கிவைத்தார் என்பதை எண்ணும்போது, விதியின் விளையாட்டை வியக்காமல் இருக்க முடிவதில்லை. உலகம் முழுவதற்கும் செவியைத் திறக்கச் சொன்ன கையே, ஒரு மறைமாவட்டத்துக்குக் கட்டளையையும் எழுதி அனுப்பியது.

பூசை விவகாரத்துக்கு முன்பே அங்கே நம்பிக்கை தளர்ந்திருந்தது. வங்கிக் கடனை அடைப்பதற்காகக் கொச்சி நகரில் மறைமாவட்டத்துக்குச் சொந்தமான நிலங்கள் சில விற்கப்பட்டன. விற்ற முறையிலும் கைக்கு வந்த தொகையிலும் குறை உண்டு என்று வெளியார் எவரும் அல்லர், அந்த மறைமாவட்டத்துக் குருக்களே குற்றஞ்சாட்டினார்கள். விவகாரம் 2018இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அவ்வாண்டு ஜூனில் வத்திக்கான் தனியாக ஒரு நிர்வாகியை நியமித்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கர்தினால் ஆலஞ்சேரியின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டது வேறு, குற்றம் நிரூபணமாவது வேறு. அந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. எனினும், தாங்களும் தங்கள் பாட்டன்மாரும் காணிக்கை போட்டு வாங்கிய நிலம் என்ன விலைக்குப் போயிற்று என்பதை ஒரு பங்கு மக்கள் தங்கள் ஆயரின் வாய்மொழியால் அறியாமல் பத்திரிகைகளிலும் நியாயஸ்தல ஆவணங்களிலும் படித்தறிய நேர்ந்ததே, அதைவிட ஒரு தலைமையின் கௌரவத்தைக் குலைப்பது வேறு எது? நிலக் கணக்குக்கு மறுமொழி பெறாதவர்கள், பீடத்தின் திசைக்கு வந்த கட்டளையை நல்லெண்ணத்தோடு படிப்பார்கள் என்று எதிர்பார்த்ததே முதற்பிழை.

மலையாளக் கரைக்கு இது புதிய அனுபவம் அன்று. அந்த வரலாற்றின் ஒரு முனை நம் மயிலாப்பூரில் தொடங்குகிறது. 1652இல் அஹத்தல்லா என்ற கீழ்த்திசை ஆயர் மயிலாப்பூரில் வந்திறங்கியபோது போர்த்துக்கீசியர் அவரைத் தடுத்துவைத்தார்கள். தோமையாரின் கல்லறையைத் தரிசிக்க வந்த மலையாளத் திருத்தொண்டர் சிலர் அவரைக் கண்டு, ஊருக்குச் செய்தி கொண்டு சென்றார்கள். அவரைக் கோவாவுக்கு ஏற்றிச் சென்ற கப்பல் கொச்சியை அடைந்தபோது, ஒருமுறை அவரைக் காணவும் அவருடைய சான்றுகளைப் பரிசீலிக்கவும் அனுமதி வேண்டும் என்று மலையாளக் கிறிஸ்தவர்களின் தலைவராகிய அர்க்கதியாக்கோன் தோமாவும் அவரைச் சூழ்ந்த மக்களும் விண்ணப்பித்துக்கொண்டார்கள். போர்த்துக்கீசியர் இணங்கவில்லை, பேராயர் பிரான்சிஸ்கோ கார்சியா அம்மக்களை வந்து சந்திக்கவும் இல்லை. மறுமொழி இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும் என்பது உலகத்து இயல்பு. அஹத்தல்லாவைக் கடலில் ஆழ்த்திவிட்டார்கள் என்ற பேச்சு பரவிற்று. அது மெய்யன்று என்பதே பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் முடிவாயினும், அன்று அதை நம்பாதவர் சிலரே. 1653ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி மட்டாஞ்சேரியில் திரண்ட கூட்டம், அந்தப் பேராயருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தது. சிலுவையில் கயிறு கட்டி அதை எல்லோரும் பற்றி நின்றதனால் சிலுவையே சாய்ந்தது என்பது செவிவழிச் செய்தி. கூனன் குரிசு சத்தியம் என்ற பெயர் அதனால் வந்தது. அந்நாளில் பிளவுபட்ட சமுதாயம் பழையகூறு என்றும் புத்தன்கூறு என்றும் பிரிந்து இன்றுவரையில் ஒன்றுசேரவில்லை. ஒரு சந்திப்பை மறுத்ததற்குக் கொடுத்த விலை அது.

அந்தச் சமுதாயத்தாரிடம் முற்காலத்தில் ஓர் அருமையான ஸ்தாபனம் இருந்தது. பள்ளியோகம் என்று அதற்குப் பெயர்; மலையாளத்தில் பள்ளி என்றால் கோயில் என்று பொருள். குடும்பத் தலைவர்களும் அவ்வூர்க் குருக்களும் ஒன்றாகக் கூடி, கோயிலின் வரவு செலவையும் ஊரின் ஒழுங்கையும் தங்களுக்குள் ஆலோசித்துத் தீர்மானித்தார்கள். ஆயர் தூரதேசத்திலிருந்து வந்தவராகவும் வழிபாட்டுக் காரியங்களுக்கு உரியவராகவும் இருந்தார். ஊர்க்காரியம் ஊராரிடம் இருந்தது. பிற்காலத்தில் அதிகாரம் மேலே சென்று குவிந்தபோது பள்ளியோகம் என்ற பெயர் நின்றது, பழைய வலிமை நிற்கவில்லை. இன்று கத்தோலிக்க உலகெங்கும் காணப்படும் பங்குப் பேரவைக்கும் கதி இதுவே: அது யோசனை சொல்லலாம், அந்த யோசனை எவரையும் கட்டுப்படுத்தாது.

நம் தமிழ்க் கத்தோலிக்கர் முன்னாளில் மேற்றிராணியார் என்று வழங்கிய பதவிக்கு இந்நாளில் ஆயர் என்பது பெயர். இனிய தமிழ்ச் சொல். முல்லை நிலத்து மேய்ப்பனை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது. ஆயினும் உவமையைப் பொருளினும் மேலாகப் பிடித்துக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆட்டுக்கு வாய் உண்டு, விண்ணப்பம் எழுதத் தெரியாது. அது கத்தினால் பசி என்றோ பயம் என்றோ மேய்ப்பன் தானே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரிந்த, வரி செலுத்துகிற, வாக்களிக்கிற, தன் மகளை வைத்தியக் கல்லூரிக்கு அனுப்புகிற ஒரு மனிதன், ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வாசலைத் தாண்டியவுடன் பேசத் தெரியாத பிராணியாக மாறிவிடுவதில்லை.

இதைத் திருச்சபையின் சட்டமே அறியும். 1983இல் வெளியான இலத்தீன் சட்டத் தொகுப்பின் 212ஆம் விதியும், 1990இல் வெளியான கீழைத் திருச்சபைகளின் சட்டத் தொகுப்பில் 15ஆம் விதியும், திருச்சபையின் நன்மையைப் பற்றிய தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது அவர்களுடைய கடமையும் ஆகும் என்று தெளிவாகக் கூறுகின்றன. பேசும் உரிமை இவ்வாறு எழுத்தில் இருக்கிறது. கேட்பவரின் கடமையைத் தேடிச் சென்றால் வேறொரு காட்சியைக் காண்கிறோம். இலத்தீன் சட்டத்தின் 57ஆம் விதியின்படி, முறையாகக் கொடுத்த மனுவுக்கு மூன்று மாதத்துக்குள் அதிகாரி முடிவு கூறாவிட்டால், மேல்முறையீட்டின் பொருட்டு அந்த மௌனம் மறுப்பு என்றே கொள்ளப்படும். கீழைச் சட்டத்திலும் கால அளவு வேறுபட்டாலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வீட்டுக் கூடங்களில் வழங்கும் வழக்கு. திருச்சபைச் சட்டத்தில் மௌனம் மறுப்புக்கு அறிகுறி. இவ்விதி மனுதாரனுக்கு நன்மை செய்யும் நோக்கத்தோடே எழுதப்பட்டது என்பதையும், மௌனம் காத்ததனால் அதிகாரியின் கடமை தீர்ந்துவிடாது என்று அவ்விதியே மேலும் சொல்லுகிறது என்பதையும் மறைக்கலாகாது. ஆனால், ஊர்ப் பெரியவர் நால்வர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைக் கொண்டுசென்றவர்களுக்கு இந்த நுட்பம் எங்கே தெரியும்? மூன்று மாதம் கடந்தும் கடிதம் வரவில்லை என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியும். அப்போது அவர்களில் ஒருவர் சொல்வார்: “முன்சீப் கோர்ட்டில் ஒரு பிராது கொடுப்போம், அங்கேயாவது பதில் எழுதியாக வேண்டும்.”

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது சச்சரவுகளின் முழு ரகசியமும். பங்கு மக்கள் நியாயஸ்தலத்துக்குப் போவது தங்கள் விசுவாசம் குன்றிவிட்டதனால் அன்று. நியாயஸ்தலம் ஒன்றே காரணம் காட்டித் தீர்ப்பு எழுதக் கடமைப்பட்டிருப்பதனால். அதற்கும் பொறுமையில்லாதவர்கள் தெருவுக்குப் போகிறார்கள். தெருவிலே போட்ட கூச்சலுக்கு மறுமொழியாகக் காவல்துறையேனும் வருகிறது.

அப்படியானால் மக்கள் கேட்பதெல்லாம் தர்மம் என்றும், தலைமை மறுப்பதெல்லாம் அதர்மம் என்றும் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதற்கு நம் திருநெல்வேலிச் சீமையிலேயே சாட்சி இருக்கிறது. புனிதராக 2022இல் உயர்த்தப்பட்ட தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் வடக்கன்குளம். அவ்வூரில் 1872இல் எழும்பத் தொடங்கிய ஆலயத்துக்குக் காற்சட்டைக் கோயில் என்று பரிகாசப் பெயர் உண்டாயிற்று. காரணம், வேளாளருக்கு ஒன்றும் நாடாருக்கு ஒன்றுமாக இரண்டு நீண்ட கூடங்கள், காற்சட்டையின் இரு கால்களைப் போல, பீடத்தில் மட்டும் வந்து கூடுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது; ஒரு கூடத்தில் இருப்பவர் பீடத்தைக் காணலாம், மறு கூடத்துச் சகோதரனைக் காண வேண்டியதில்லை. 1910இல் சேசு சபையைச் சேர்ந்த கௌசானல் சாமியார் அந்தத் தடுப்பை இடித்தெறிந்தார். உயர்சாதி எனத் தம்மைக் கருதிய பங்கு மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆயர் பார்த்தே மீது வழக்குத் தொடுத்தார்கள். தனி இடமும் தனி உரிமையும் தங்களுக்கு உண்டு என்று வாதாடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரையில் சென்ற அவ்வழக்கு 1917ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. வழக்குத் தொடுத்தவர்கள் தோற்றார்கள்.

மக்களின் பழக்கம், மக்களின் உணர்ச்சி, பரம்பரைச் சம்பிரதாயம் ஆகிய மூன்றும் வடக்கன்குளத்தில் அநியாயத்தின் பக்கம் நின்றன. மேலிருந்து வந்த கை நியாயத்தின் பக்கம் நின்றது. ஆகவே, பெருங்கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே உண்மை இருக்கிறது என்ற வாதத்தைத் திருச்சபை ஏற்கக் கூடாது. நாமும் ஏற்கக் கூடாது. பெரும்பான்மையின் விருப்பம் சிறுமைப்படுத்தப்பட்டவனின் மானத்தைத் தொடும் இடத்தில் மேய்ப்பன் கோலை ஓங்கத்தான் வேண்டும். இன்றும் தமிழ்நாட்டின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கையில், அவன் அக்கோலை இன்னும் பல முறை ஓங்க வேண்டியிருக்கிறது. ஆனால் வடக்கன்குளத்தில் இன்னொரு பாடமும் உண்டு. தங்களுக்கு எதிரான முடிவைக் காரணத்தோடு எழுத்தில் பெற்றவர்களுக்கு, தாங்கள் தோற்றது எதனால் என்பதேனும் விளங்கிற்று. எந்த நியாயத்தைத் தாண்டித் தங்கள் கட்சி நிலைக்கவில்லையோ அந்த நியாயத்தை அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று படிக்கலாம். தவறு செய்தவனுக்குக்கூட மறுமொழி பெறும் உரிமை இருக்கிறது. உண்மையில், தவறு செய்தவனுக்கே அது அதிகம் தேவைப்படுகிறது.

திருச்சபை ஜனநாயகம் அன்று என்று ஆயர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. உண்மையே, வேதத்தின் பொருளை வாக்குப்பெட்டியில் போட்டுத் தீர்மானிக்க எந்த மதமும் சம்மதிக்காது. ஆனால் மறுமொழி சொல்வது ஜனநாயகத்தின் தனிச் சொத்து அன்று. ஜனநாயகம் என்ற பெயரையே கேட்டறியாத காலத்தில், முடியரசனாகிய ஒரு சோழன் தன் வாயிலில் ஆராய்ச்சி மணியைக் கட்டிவைத்தான் என்றும், கன்றை இழந்த பசு அதை அசைத்தபோது எழுந்து வந்தான் என்றும் நம் நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவன் அந்தப் பசுவுக்கு வாக்குரிமை கொடுக்கவில்லை. மணி ஒலித்தால் வந்தே தீருவேன் என்று தன்னையே கட்டுப்படுத்திக்கொண்டான். அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த அதிகாரம் தன்னை எதனால் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதை எழுப்புகிறவனை முதலாவதை எழுப்புகிறவன் என்று எண்ணி அஞ்சுவதே பல ஆயர் இல்லங்களின் மயக்கம்.

திருச்சபை தானே இந்தக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்ளாவிட்டால், அதை ஏற்றிவைக்க வேறொரு கை காத்திருக்கிறது. 1920களில் சென்னை மாகாணத்தில் இந்து அறநிலையச் சட்டம் பிறந்ததற்கு, தர்மகர்த்தாக்களின் கணக்கு வழக்கைப் பற்றி எழுந்த புகார்களே பெருங்காரணம். கேரளத்தில் 2009இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரைத் தலைவராகக் கொண்ட சட்டச் சீர்திருத்தக் குழு கிறிஸ்தவ ஆலயச் சொத்துக்களுக்கு ஒரு மசோதாவை வரைந்தது. 2019இல் நீதிபதி கே. டி. தாமஸ் தலைமையில் மற்றொன்று வரையப்பட்டது. இரண்டு தடவையும் ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், இரண்டும் சட்டமாகவில்லை. அரசாங்கம் கோயிலுக்குள் நுழைவதால் விளையும் தொல்லைகளை நாம் நன்கு அறிவோம். ஆகையால் அந்த எதிர்ப்பில் நமக்கு ஓரளவு அனுதாபம் உண்டு. ஆனால், அரசாங்கம் நுழையலாகாது என்பவர்கள், அது நுழைவதற்கான அவசியத்தையும் நீக்க வேண்டும் அல்லவா?

அவசியத்தை நீக்குவது மலையைப் பெயர்க்கும் காரியம் அன்று. பங்குப் பேரவையோ பள்ளியோகமோ தீர்மானித்து அனுப்பும் எந்த விண்ணப்பத்துக்கும், ஆயர் தம் முடிவையும் அதன் காரணத்தையும் குறித்த நாளுக்குள் எழுத்தில் அளிப்பது என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் விதி செய்துகொள்ளட்டும். அந்த மறுமொழி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப்பின் கோயிலில் வாசிக்கப்படட்டும். நிலமோ கட்டடமோ விற்பதற்கு முன்னே, விற்கும் காரணமும் எதிர்பார்க்கும் விலையும் மக்களுக்கு அறிவிக்கப்படட்டும். விற்றபின் கணக்கு ஒப்புவிக்கப்படட்டும். வழிபாட்டு முறையை மாற்றும் எந்த முடிவும், மாற்றத்தை ஏற்கப்போகிறவர்களின் கருத்தை முறையாகத் திரட்டி, திரட்டியதை வெளியிட்ட பிறகே வாக்கெடுப்புக்கு வரட்டும். பங்கு மக்களும் தங்கள் பக்கத்தில் ஒரு விரதம் பூண வேண்டும்: காரணம் காட்டிய மறுமொழி தங்களுக்குப் பாதகமாக வந்தாலும், மேல்முறையீடு செய்வார்களேயன்றி, பீடத்தைப் போர்க்களம் ஆக்குவதில்லை என்பதே அது. கேட்கும் கடமையை ஒருவர்மேல் சுமத்துகிறவர், கேட்டபின் அமையும் கடமையைத் தாமும் சுமந்தாக வேண்டும்.

இவையெல்லாம் மலையாள நாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று இருப்பதற்கும் இல்லை. கர்தினால் ஆலஞ்சேரி தலைமைப் பேராயராவதற்கு முன்பு முதல் ஆயராக இருந்து ஆண்டது கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை மறைமாவட்டத்தை. அதே திருச்சபைக்குக் கோயம்புத்தூர் நகரைச் சேர்ந்த இராமநாதபுரத்திலும் ஓசூரிலும் மறைமாவட்டங்கள் உண்டு. அவற்றுக்கு அப்பால், இலத்தீன் முறையைச் சேர்ந்த நம் பங்குகளிலும், பங்குச்சாமியாரின் மாற்றல், திருவிழாச் செலவு, பள்ளிக்கூட நியமனம், கல்லறையில் இடம் என்று மறுமொழிக்குக் காத்துக்கிடக்கும் விண்ணப்பங்கள் எத்தனையோ.

எறணாகுளத்துக் கதையின் முடிவை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். 2024இல் இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டது யாது? ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பூசை புதிய முறையில், மற்றவை பழைய முறையில். இந்தச் சிறிய உடன்பாட்டில் எந்த வேதசாஸ்திர நுட்பமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. 2021இலேயே ஒரு மேஜையைச் சுற்றி இரு தரப்பாரும் அமர்ந்திருந்தால், ஒரு மாலைப்பொழுதில் எட்டியிருக்கக்கூடியதே அது. இடையில் ஒரு பேராயரின் பதவி போயிற்று. ரோமாபுரியிலிருந்து ஒரு பிரதிநிதி வந்து திரும்பினார். பாப்பரசரின் குரலும் செலவழிந்தது. ஒரு பேராலயம் கிறிஸ்துமஸ் இரவில் விளக்கில்லாமல் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர்கள் வந்தமர்ந்தது அந்த மேஜைக்குத்தான்.